ஒன்பது பேர் பார்த்த படத்துக்கு நான் எழுதிய புகார்

1

இந்தக் கதை ஒரு மொட்டைக் கடிதத்திலிருந்து பிறந்தது. கடிதத்தை எழுதியவன் நான்தான். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திகைக்க வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

நான் ஒரு படத்துக்குக் கதை வசனம் எழுதினேன். சாகக்கிடக்கும் ஒரு பெரியவரிடம், வராத மகனை ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று பொய் சொல்லும் ஒரு நர்ஸின் கதை. முதல் காட்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான், இயக்குநர், அவருடைய மாமியார் மூவரும் அதில் அடக்கம்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காலி இருக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு...’ (ஒரு என்ன? காலி இருக்கை காலி இருக்கைதான்.)

பிறகு இப்படி: ‘இயக்குநர் கெட்டவர் அல்லர், ஆனால்...’ அதையும் நிறுத்திவிட்டேன். பழியை நைசாக அவர் தலையில் கட்டப் பார்க்கும் வாக்கியம் அது. நல்ல படம் என்றால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது, நர்ஸுகளை அவமானப்படுத்திவிட்டதாக யாராவது ஒரு புகாரைக் கிளப்பினால் போதும், கூட்டம் தானாக வரும் என்று அவர் சொன்னது உண்மைதான்.

“யாராவது எதுக்கு? நீயே எழுது. அந்த நர்ஸ் பொம்பளையப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?” என்றார்.

கேட்டது அவர். எழுதியது நான்.

3

‘மனம் புண்பட்ட பொதுஜனம்’ என்று கையெழுத்துப் போட்டேன். நடை ஜோராக வந்தது. (படத்தின் வசனம் அவ்வளவு ஜோராக வரவில்லை என்பது வேறு விஷயம்.) ஆனாலும் படித்துப் பார்த்தால் நம்பும்படியாக இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. நிஜத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவோம். போட்டேன்: ‘இது கற்பனையல்ல. நம் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கடிகாரத்தைக் கையில் கட்டாமல் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரியும் ஒருத்தி இதையேதான் செய்கிறாள். அந்த ஒருத்தியை வைத்து எல்லா நர்ஸுகளையும் பொய்க்காரிகளாக்கலாமா?’

அவள் என் அக்கா. சாப்பிடும்போது என்னை நம்பி அவள் சொன்னதைத்தான் நான் கதையாக்கியிருந்தேன்.

கடிதம் கைபேசி கைபேசியாகப் பரவியது. தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. தியேட்டர் வாசலில் பத்துப் பேர் அட்டை பிடித்து நின்றார்கள்.* நான்காம் நாளிலிருந்து ஹவுஸ்ஃபுல். தோழிகளைக் கூட்டிவந்த இயக்குநரின் மாமியாருக்கே டிக்கெட் இல்லை.

* ஒருவரும் அதுவரை படம் பார்த்திருக்கவில்லை. அதில் இருவர் மாலைக் காட்சிக்கு உள்ளே போனதாகக் கேள்வி.

4

அக்காவை வேலையைவிட்டு நீக்கினார்கள் என்று எழுதினால் கதைக்கு வசதி. நடந்தது வேறு. ஒரு அம்மாளிடம், கணவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். உண்மையாகவே இறங்கியிருந்தது. அந்த அம்மாள் அக்காவின் சட்டைப்பைக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொன்னாளாம். அடுத்த படுக்கையிலும் அதே கதை.

நான்தான் எழுதினேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கத்தவில்லை.

“இருபது வருஷத்துல ஒரே ஒரு பொய்டா. அதுவும் ஒரு பெரியவர் நிம்மதியா கண்ண மூடணும்னு சொன்னது. இப்ப நான் சொல்ற நிஜத்தக்கூட யாரும் நம்பல. நீதானே எழுதின? நீயே அழிச்சிட்டு வா.”



5

முடிவு ஒன்று: என் பெயரைப் போட்டு பத்திரிகையில் உண்மையை உடைக்கிறேன். இயக்குநர் பயந்துவிடுவார் என்று நினைத்து அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். “தாராளமா போடு. இன்னும் மூணு வாரம் ஓடும்” என்றார்.

முடிவு இரண்டு: பேசாமல் இருப்பது. ஊர் வாய் தானாக ஓயும், அக்காவும் நாளடைவில்... (இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

ஆகவே மூன்றாவதைச் செய்கிறேன். மொட்டைக் கடிதம் என்னுடையது, அந்த நர்ஸ் இருபது வருஷத்தில் சொன்னது ஒரே ஒரு பொய்தான் என்று எழுதி, கையெழுத்திட்டு, ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி மூன்றாம் மாடிப் படிக்கட்டருகே ஒட்டியிருக்கிறேன். தினமும் அதன் பக்கத்தில் நிற்கிறேன். கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். காறித் துப்பியவர்களும் உண்டு. துடைத்துக்கொண்டு நிற்கிறேன். படத்தின் பெயரை மட்டும் அங்கே சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். இந்தக் கதையால் ஒரு டிக்கெட்கூட விற்கக் கூடாது.

ஆனால் என்னால் முடிந்தது அவ்வளவுதான். மிச்சம் உங்களிடம் இருக்கிறது. என்றாவது ஒருநாள் நீங்கள் அந்த மூன்றாம் மாடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே உங்களுக்கு வேண்டியவர் யாராவது படுத்திருப்பார். சட்டைப்பையில் கடிகாரம் குத்திய ஒரு நர்ஸ் வெளியே வந்து, “பயப்படாதீங்க, நல்லா இருக்காங்க” என்பாள். சொல்லிவிட்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.