இலையான் பிடிக்கிற குருவி

முள்ளிவாய்க்கால் கரையில் நான் கருவாடு காயப்போடுகிற இடத்தில் எந்த நேரமும் இலையான்தான். இலையான் மொய்க்காத கருவாடு எந்த ஊரில் இருக்கிறது? வலையால் மூடிவிட்டு, பக்கத்திலேயே இருந்து கையால் விசுக்கிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கருவாட்டில்தான் எரிகிறது.

போன வருடம் பக்கத்து முள்ளுப் பற்றைக்குள் நீள வெள்ளை வாலோடு ஒரு குருவி கூடு கட்டியது. என்னுடைய இலையான்களைப் பறந்து பறந்து பிடித்துத் தின்னும். வயிறு நிறைந்ததும் பாடும். பொய் சொல்லக்கூடாது, நல்ல குரல். அது பாடினால் விசுக்குகிற கை நின்றுவிடும்.

பறவை பார்க்கிற ஆட்கள் இரண்டு பேர் கமராவோடு வந்தார்கள். என் மனுசன் கொன்ஸ்ரன்ரைனுக்கு வாய் சும்மா இருக்காது. "வாங்கோ சேர், கூட்டையே காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனார். அவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் பற்றையையும் என் இடத்தையும் சுற்றிக் கம்பி வேலி வந்தது. குருவியின் படம் போட்ட பலகையும் வந்தது. இனி அங்கே கருவாடு போடக்கூடாதாம். "இலையான் நோயைப் பரப்பும் அம்மா. குருவி நாட்டின்ரை சொத்து" என்றார் வந்த அதிகாரி. சண்டை முடிந்து இந்தக் கரைக்குத் திரும்பி வர நாங்கள் அரசாங்கக் கந்தோர் கந்தோராய் அலைந்தோம். குருவிக்கு ஒரு மாதத்தில் காணி கிடைத்துவிட்டது.

கருவாடு காயப்போடுகிற பரண்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டு முற்றத்தில் நட்டோம். இலையானும் கூடவே வந்தது. கொஞ்ச நாளில் மகள் நிதர்சனா சொன்னாள், "வேலிக்குள்ள குருவியைக் காணேல்லையாம், அம்மா." அப்படியென்றால் இடத்தைத் தாருங்கள் என்று போய்க் கேட்டோம். அது திரும்பி வரும் என்றார்கள்.

திரும்பித்தான் வந்தது. நேற்றுக் காலை என் முற்றத்துக் கொடிக்கயிற்றில் வந்து இருந்து, ஒரு இலையானைப் பிடித்துத் தின்றுவிட்டுப் பாடத் தொடங்கியது.

"மதலேனா, இஞ்ச பார்! எங்களைத் தேடி வந்திட்டுது!" மனுசன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"படம் எடுத்தியளெண்டால் கையை முறிப்பன்!"

கல்லை எடுத்து எறிந்தேன். படவில்லை. அது முருங்கையில் போய் இருந்து மறுபடியும் பாடியது. இந்த முற்றமும் போனால் நான் எங்கே போவேன்? அடுத்த கல்லுக்குக் குனிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை குறி பார்த்து எறிந்தேன்.