மூன்று மாடி உயரத்தில் அகஸ்ரீனா அக்கா

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. போனில் வந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரை ஒட்டிய மொண்டெல்லோவில் ஒரு கடற்கரை உணவகத்தின் பின்கட்டில், கைகளை முழங்கைவரை தண்ணீரில் விட்டு மட்டி கழுவிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியதுதான் தாமதம், அகஸ்ரீனா அக்காவின் குரல் பாய்ந்தது.

"தம்பி, என்னைச் சுவரிலை கீறிப்போட்டாங்கள்! உடனை வாங்கோ!"

"ஆர் அக்கா? எந்தச் சுவரிலை?"

"எங்கடை வீட்டுக்கு எதிர்ச்சுவரிலை. பெரிசா! என்ரை மூக்கு மட்டும் எங்கடை கதவளவு இருக்கு."

இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறவன் சும்மா இருப்பானா? வேறு மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

"பலேர்மோவின் பழைய சுவர்களில் வெயில்—" (வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுகிறேன்.)

"மன்னாரில் பிறந்த ஒரு பெண்—" (மன்னாருக்குப் போனால் கதை இஞ்சை திரும்பி வராது.)

"கலை என்பது சமூகத்தின்" (முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன்.)

2.

அகஸ்ரீனா அக்கா பலாரோ சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான சந்தில் வாடகைக்கு இருக்கிறார். கணவர் ஏர்னஸ்ற் அண்ணைக்குத் துறைமுகத்தில் வேலை. நாப்போலிக்குப் போகும் கப்பல்களைக் கழுவித் துடைப்பவர். அக்கா நகரின் மறுபக்கத்தில் எலெனா என்ற வயதான சினியோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டைக் கூட்டி, சமைத்து, அவரையும் பார்த்துக்கொள்கிறார். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அவர்கள் வீட்டு விறாந்தையில் படுத்து எழும்பியவன். அந்த உரிமையில்தான் தம்பி.

சந்தின் எதிர்ப்புறத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் பக்கச்சுவர், ஓரத்து யன்னல்களைத் தவிர, வெறுமையாகக் கிடந்தது. யூலைத் திருவிழாவுக்காக அதில் புனித ரோசலியாவை வரையும்படி கட்டடத்து வீட்டுக்காரர் சங்கம் லோரெதானா என்ற இளம் ஓவியருக்கு அனுமதி கொடுத்திருந்தது. ரோசலியா இந்த நகரின் காவல் புனிதை, மலைக்குகையில் தனியே வாழ்ந்த பிரபுவீட்டுப் பெண். எங்கள் தமிழ் ஆட்களில், கத்தோலிக்கரோ சைவரோ, அந்த மலைக்கு ஒருமுறையாவது நடந்து ஏறாதவர்கள் குறைவு.

லோரெதானா சந்தையில் அக்காவைக் கண்டு, "முகங்கள் வரைகிறேன், உங்களைப் படமெடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்து, தலைமயிரைத் தடவிவிட்டு, நிமிர்ந்து நின்றிருக்கிறார். என்ன படம், எவ்வளவு பெரிது, தலையில் என்ன வரும் என்று இவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன் வந்த அன்று காலை, சுவரோடு கட்டியிருந்த சாரத்தை மூடியிருந்த படங்குத் துணியை அவிழ்த்தார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சந்தில் கால்வைக்க இடமில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஐயோ, எப்படிச் சொல்ல! தலையில் கிரீடம்போல ரோசாப்பூ முடி, பின்னால் நீலக்கடல், மூன்று மாடி உயரத்தில் எங்கள் அகஸ்ரீனா அக்கா! இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறி நிற்குமே, அதுவும் அப்படியே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மீன்காரனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவனும் திருப்பிக் கட்டிப்பிடித்தான்.

(இந்த இடத்தில் அக்காவின் நிறத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. வாசித்துக் காட்டியபோது வெட்டச் சொன்னார். "ரோசலியாவின்ரை நிறத்தை எழுதினனீங்களோ? இல்லைத்தானே. அப்ப என்ரையை மட்டும் ஏன்?" வெட்டிவிட்டேன்.)

3.

சிறுவயதிலிருந்து நான் வாசித்த கதைகளில் வேலைக்காரப் பெண் கதவைத் திறப்பாள், தேத்தண்ணி வைப்பாள், போய்விடுவாள். அவள் போன பக்கம் என்ன இருக்கிறது என்று கதை எட்டிப் பார்க்காது. ஓவியங்களிலும் அப்படித்தான். செல்வந்தர் நடுவில் இருப்பார், தட்டோடு ஒருத்தி ஓரத்து இருட்டில் நிற்பாள். அருங்காட்சியகங்களில் நான் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவன். அப்படிப்பட்டவனுக்கு, வீடு துடைக்கும் ஒரு தமிழ்ப் பெண் ஒரு நகரத்தின் புனிதையாகச் சுவர் நிறைய நிற்பதைக் கண்டால் தலை சுற்றாதா?

சுற்றியது. அந்தச் சுற்றலிலேயே ஓர் இணைய இதழுக்கு மூச்சுவிடாமல் கட்டுரை எழுதி அனுப்பினேன். 'கலை வென்றது!' என்று முடித்தேன். அதில் ஆச்சரியக்குறிகள் எத்தனை என்று கேட்காதீர்கள்.

அக்கா அதைப் போனில் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கிறியள், தம்பி. ஆனா இதிலை நான் ஒரு இடத்திலையும் கதைக்கேல்லையே."

அந்தப் பேச்சால்தான் நீங்கள் வாசிக்கும் இந்தக் கதை உண்டாயிற்று.

4.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் சறோஜா அக்கா கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார். "புனித அகஸ்ரீனாவே, என்ரை பெர்மெஸ்ஸோ கெதியா வர வேண்டிக்கொள்ளும்!" பெர்மெஸ்ஸோ என்பது வதிவிட அனுமதி. அதை விரைவுபடுத்திய புனிதர் இதுவரை எவரும் இல்லை. கோயில் வாசலே சிரித்தது. அக்காவும் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

ஏர்னஸ்ற் அண்ணை என்னிடம் முறையிட்டார். "காலமை பல்லுத் தீட்டேக்கை யன்னலாலை மனிசி பாக்கிறா. திரும்பினா குசினியிலையும் மனிசி. நான் எங்கை போய் ஒரு சிகரெட் பத்துறது, சொல்லும்?"

சுற்றுலா ஆட்கள் வந்தார்கள். யாரோ சுவரடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனார்கள். லோரெதானா தொலைக்காட்சியில், "கண்ணுக்குத் தெரியாத பெண்களைத் தெரியவைத்தேன்" என்றாள்.

"ஆருக்குத் தெரியாமல் இருந்தனான்?" என்றார் அக்கா, தொலைக்காட்சியைப் பார்த்து. "கன வருசமா இந்தச் சந்தையிலை கத்தரிக்காய்க்குச் சண்டை பிடிக்கிறன். சந்தைக்காரர் எல்லாருக்கும் என்னைக் கண்டாப் பயம்."

பிறகு சினியோரா எலெனா ஒரு டாக்சி பிடித்துப் படத்தைப் பார்க்க வந்தார். கண்கலங்கினார். தன் சிநேகிதிகளுக்கெல்லாம் சொன்னார். அடுத்த நாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வியாழன் பின்னேரமும் வருவாய்தானே, அகஸ்ரீனா? நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய். நீ ஒரு சாந்தா."

சாந்தா என்றால் புனிதை. வியாழன் பிற்பகல் என்பது வீட்டுவேலை செய்கிறவர்களின் ஓய்வு. நகரமெங்கும் எங்கள் பெண்கள் அன்றுதான் தங்கள் சொந்தக் கால்களில் நடப்பார்கள். அக்கா அந்த வியாழன் போனார். அடுத்த வியாழனும் போனார். அதற்கடுத்த வியாழன், சினியோராவின் சிநேகிதிகளுக்கும் சேர்த்துச் சமைத்தார்.

ஒருநாள் படிக்கட்டில் இருந்தபடி எனக்குச் சொன்னார். அப்போது சிரிப்பு இல்லை.

"முந்தி ஏலாது எண்டா ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லுவன், தம்பி. இப்ப வாய் வருகுதில்லை. மேலை நிக்கிறவ என்ரை வாயைப் பொத்துறா."

(இதற்குப் பிறகு இரண்டு பக்கக் கட்டுரை வந்தது. ஓரத்து இருட்டில் நிற்பவளின் குரலும் கேட்காது, முகிலுக்குப் பக்கத்தில் நிற்பவளின் குரலும் கேட்காது என்பது சாரம். சாரம் போதும். மிச்சத்தை எறிந்துவிட்டேன்.)

5.

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. எதிர்க்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் சினியோரா லா மந்தியா. "இது ரோசலியா இல்லை, வெள்ளை அடியுங்கள்" என்று முதல் நாளே கத்தியவர் அவர்தான். கையெழுத்துச் சேர்த்து, சங்கக் கூட்டத்தையும் கூட்டவைத்தார். கதைக்கு ஒரு கெட்டவர் கிடைத்தார் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்! மஞ்சள் பல்லும், கடிக்கிற சின்ன நாயும் கொடுத்தேன். (நாய் அவரிடம் இல்லை. பற்களை நான் கவனித்ததில்லை.)

கூட்டத்துக்கு முதல் நாள் லோரெதானாவும் நண்பர்களும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். "நீங்கள் வந்து பேசினால் ஒருவரும் அழிக்கத் துணியமாட்டார்கள்" என்று கெஞ்சினார்கள்.

"போகாதை," என்றார் ஏர்னஸ்ற் அண்ணை. "எங்களுக்கு அங்கை வாக்கில்லை. கட்டடமும் எங்கடை இல்லை. வீணா முகத்தைக் காட்டாதை."

"முகத்தைத்தான் ஊருக்கே காட்டியாச்சே," என்று அக்கா நீலச் சட்டையை எடுத்து இஸ்திரிப்பெட்டியால் மினுக்கத் தொடங்கினார்.

நானும் கூடப் போனேன். என் முடிவு தயாராக இருந்தது: அக்கா பேசுவார், எல்லாரும் அழுவார்கள், புனிதை சுவரில் நிலைப்பாள். அந்த முடிவை எழுதியே வைத்திருந்தேன். பாவம், அது.

6.

(கூட்டம் இத்தாலியனில் நடந்தது. அக்காவின் இத்தாலியன் அவர் தமிழைப் போலவே எனக்குக் கேட்கும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.)

வெயில் தணிந்த பிறகு, கட்டடத்தின் முற்றத்தில் வீட்டுக்காரர்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். லோரெதானா முதலில் பேசினாள். கடல், புலம்பெயர்வு, புனிதத்தின் புதிய முகம். அவளுடைய நண்பர்கள் கைதட்டினார்கள். லா மந்தியா எழுந்தார்.

"நாங்கள் அனுமதி கொடுத்தது ரோசலியாவுக்கு. இது ரோசலியா இல்லை."

ஒரே சத்தம். லோரெதானா திரும்பி, "அகஸ்ரீனாவே சொல்லட்டும்" என்றாள்.

அக்கா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு எழுந்தார். லா மந்தியாவைக் காட்டினார்.

"அவ சொல்லுறது சரி. அது ரோசலியா இல்லை. அது நான்."

அக்கா கதிரைகளுக்கு நடுவில் வந்து நின்றார்.

"நான் ரோசலியாட்டை மன்றாட மலைக்கு ஏறுறனான். ஆக்கள் எனக்கு மெழுகுதிரி கொளுத்தினா, நான் ஆரிட்டைப் போறது? அந்த முடியைக் கழட்டுங்கோ. நான் சாந்தா இல்லை. சாந்தா, சாந்தா எண்டு சொல்லி என்ரை வியாழக்கிழமையைப் பறிச்சுப்போட்டினம்."

லோரெதானாவின் முகம் சிவந்துவிட்டது. "உங்களைப் பெருமைப்படுத்தத்தானே வரைந்தேன்!"

"தெரியும், பிள்ளை. அதாலைதான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான்."

"இது என் ஓவியம்!"

"ஓம். ஓவியம் உம்மடை. முகம் என்ரை."

சங்கத்தின் நிர்வாகி தொண்டையைச் செருமினார். முடியைக் கழற்றினால் அது புனிதை இல்லை, ஒரு தனியாள். தனியாளின் படத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே வெள்ளை அடிக்கத்தான் வேண்டும் என்றார். முகத்தைக் காப்பாற்ற வந்தவர் தன் முகத்தையே அழிக்கப் பண்ணிவிட்டாரே! அக்காவின் விரல்கள் சட்டை நுனியைப் பிடித்திருந்தன.

அப்போது லா மந்தியா மறுபடி எழுந்தார்.

"என்ன தனியாள்? இவள் எதிர்வீட்டுக்காரி. என் துணி காற்றில் விழுந்தால் மேலே கொண்டுவந்து தருகிறவள். என் ரேடியோ சத்தம் கூட என்று யன்னலால் கத்துகிறவளும் இவள்தான். இவளைப் போய்ச் சாந்தா என்றால் நான் எப்படி நம்புவது? எதிர்வீட்டுக்காரி என்றால் சரி, இருக்கட்டும். ஆளைத் தெரியும்."

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். முதலில் சிரித்தது அக்காதான் என்று நினைக்கிறேன். பிறகு முற்றமே சிரித்தது. கைகள் உயர்ந்தன. எண்ணுமுன்பே தெரிந்துவிட்டது: முடி போகும், முகம் இருக்கும். நான் கதிரையோடு துள்ளியதில் அக்காவின் கைப்பை கவிழ்ந்து சில்லறை முற்றமெங்கும் உருண்டது. லா மந்தியாதான் குனிந்து பொறுக்கித் தந்தார். அவருடைய பற்கள் வெள்ளையாகவே இருந்தன.

நாயை அவிழ்த்து விட்டுவிட்டேன். என் கதையின் மிக நல்ல வசனத்தை நான் கெட்டவராக்கி வைத்தவர் பேசிவிட்டுப் போய்விட்டார்.

7.

லோரெதானா வெளிப்படிக்கட்டில் இருந்து அழுதாள். அக்கா பக்கத்தில் போய் இருந்தார். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது எனக்குக் கேட்டது: "அந்த இடத்தில் என்ன வரையட்டும்?" அக்கா அவள் காதுக்குள் ஏதோ சொன்னார். அவள் அழுகையோடு சிரித்தாள்.

சாரம் மறுபடி எழும்பியது. படங்கு மறுபடி மூடியது. வேலை முடிந்து வரும் வழியில் அக்கா சாரத்தில் ஏறிப் பார்க்கிறார். ஏர்னஸ்ற் அண்ணை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு "கவனம், கவனம்" என்கிறார். என்ன வரைகிறார்கள் என்று அவருக்கும் சொல்லவில்லையாம்.

சினியோரா எலெனாவிடம் அக்கா மறுநாளே சொல்லிவிட்டார், வியாழன் வரமாட்டேன் என்று.

"நீ மாறிவிட்டாய்," என்றாராம் அவர்.

"ஓம், சினியோரா. கோப்பியைப் பிளாஸ்கிலை ஊத்தி வைச்சிட்டுப் போறன்."

கிழவி கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று அண்ணை நித்திரையில்லாமல் கிடந்தார். அடுத்த வியாழன் மத்தியானம் சினியோரா தானே பிளாஸ்கை எடுத்து மேசையில் வைத்து, "சீனி குறைத்துப் போடு" என்றிருக்கிறார். அதோடு சரி.

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ) படங்கு விழுகிறது. நரையோடு அவருடைய சொந்தத் தலைமயிர், வேறொன்றுமில்லை.

ஆ) படங்கு விழுகிறது. அக்காவுக்குப் பக்கத்து யன்னலில் ரேடியோவோடு லா மந்தியா.

இ) படங்கு விழுகிறது. தலைக்கு மேலே தமிழில் ஒரே ஒரு—

படங்கு வருகிற ஞாயிறு அவிழ்கிறது. நான் இதை வியாழனில் எழுதி முடிக்கிறேன். ஆகவே அந்த இடம் எனக்கும் மூடியே இருக்கிறது. உங்களுக்காக விட்டுவைக்கிறேன்:

[                    ]

மூன்று முடிவுகளையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மொண்டெல்லோவில், அந்த வியாழன் பிற்பகல், என் வேலை தொடங்குமுன், கரையில் நின்று. அவர் பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்.

"மூண்டும் பிழை," என்றார், சந்தோசம் தாங்காமல்.

"அப்ப எது சரி? சொல்லுங்கோவன் அக்கா! வாசிக்கிற ஆக்கள் கேப்பினம்."

ஓர் அலை வந்து அவருடைய பாவாடையை நனைத்தது. அதை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

"இண்டைக்கு என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ, தம்பி. இண்டைக்கு நான் லீவு!"