ஆணி அடிக்காத அலமாரி

மாடியை வாடகைக்கு விடும்போது வீட்டுக்காரர் சிதம்பரநாதன் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. சென்னையில் இதெல்லாம் ஒரு கண்டிஷனா? வஜீஹாவும் அவள் கணவன் தௌஃபீக்கும் அடையாறிலிருந்து தி.நகர் வரை ஏறி இறங்காத வாசல் இல்லை. போனில் வாங்க வாங்க என்பார்கள். நேரில் போய்ப் பெயரைச் சொன்னதும், ஊரிலிருந்து ஒரு மச்சான் குடிவரப் போவது திடீரென்று ஞாபகம் வந்துவிடும். இந்த ஊர் வீட்டுக்காரர்களுக்கு எத்தனை மச்சான்கள்தான் இருப்பார்களோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். சிதம்பரநாதன் மட்டும் பெயரைக் கேட்டுக்கொண்டு, மோட்டாரைக் காலையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். மயிலாப்பூரில், பழைய வீட்டின் மாடி போர்ஷன். வஜீஹாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் அலமாரி கிடையாது. வஜீஹா ரவிக்கை தைப்பவள். வாடிக்கைக்காரர்களின் துணியும் நூல்கண்டும் தரையில் கிடந்தன. ஆணி இல்லாமல் பலகையை எங்கே மாட்டுவது? தௌஃபீக் வேலை பார்க்கும் பெருங்குடி ஆபீஸின் பின்பக்கம், மிஷின் வந்து இறங்கிய மரப்பெட்டிகள் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. கேட்டதும் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. வஜீஹா அவற்றின் ஆணிகளைப் பிடுங்கினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பெட்டிகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கினாள். சுவரைத் தொடாமல் அலமாரி ஜம்மென்று நின்றது. தௌஃபீக் ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. அன்றைக்கு அவள் நடையே வேறு.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை. ஒருநாள் காலையில் மேல்தட்டில் மாவு சலித்தாற்போல் மெல்லிய தூள். துடைத்தாள். மறுநாளும் இருந்தது, கல்யாணப் பெண் ஒருத்தியின் கருநீலப் பட்டு ரவிக்கைமேலும் இருந்தது. பெட்டிக்குள் வண்டு! மழையில் ஊறிய மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தோமே, புத்தி எங்கே போச்சு? தலைக்கு மேலே வரிசையாக உத்தரங்கள், எல்லாம் பர்மா தேக்கு என்று சிதம்பரநாதன் பெருமையடித்துக்கொண்டவை. வண்டு அதில் ஏறிவிட்டால்? ஓர் ஆணியையே பொறுக்காத மனுஷன் இதைப் பொறுப்பாரா? மூட்டையைக் கட்டு என்பார். மறுபடியும் அந்த மச்சான்களின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

கீழே போய்ச் சொல்லிவிடலாம் என்றான் தௌஃபீக். வாயை மூடிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பச் சொன்னாள். அவன் போனதும் போல்ட்டைக் கழற்றி, பெட்டிகளை ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய வேப்பெண்ணெயைப் பூசினாள். வண்டுத் துளை எங்கே என்று தேடித் தேடிக் கண் பூத்தது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விடுவாளா, இன்னொரு தடவை பூசினாள். நாற்றம் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது.

நாற்றம் இறங்கினால் வீட்டுக்காரர் ஏறத்தானே செய்வார். மூச்சு வாங்க வந்து நின்ற சிதம்பரநாதன், "என்னம்மா, தூள் கொட்டுதா?" என்றார்.

வஜீஹாவுக்கு உயிரே போய்விட்டது. "பொட்டியிலேர்ந்துதான் அங்கிள். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க."

அவர் அவளைக் கீழே அவளுடைய அறைக்கே அழைத்துப் போனார். அலமாரி இருந்த இடத்தில், வெறும் தரையில், அப்போதுதான் விழுந்த தூள் இருந்தது. அவர் மேலே கையைக் காட்டினார். உத்தரத்தின் பெயிண்டில் பொடிப்பொடியாகத் துளைகள்.

"பாவம், பொட்டி என்ன பண்ணும்? இது ஒண்ணு மட்டும் தேக்கு இல்லம்மா, எங்கப்பா மாத்தின கட்டை. உளுத்துப் போச்சு. நானே வேப்பெண்ணெய் தடவிப் பாத்துட்டு, கடைசில பெயிண்ட் அடிச்சு மூடிட்டேன்."

அப்புறம் மளமளவென்று கொட்டிவிட்டார். முன்னால் இருந்தவர்கள் சோற்றில் தூள் விழுகிறது என்று காலி செய்தார்களாம். அதற்கப்புறம் பார்க்க வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு நழுவினார்களாம். மாடி இருண்டு கிடந்ததில் அவர் மனைவி பேச்சியம்மாளுக்குப் பாதித் தூக்கம் போயிற்றாம். இப்போது மேலே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே மத்தியானம் நிம்மதியாகத் தூங்குகிறாளாம்.

"ஆசாரிகிட்ட சொல்லிக் கட்டையை மாத்திடறேன்," என்றார். "அதுக்குள்ள நீங்க காலி பண்ணிட மாட்டீங்களே?"

வஜீஹாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், அப்பாடா என்று அந்தத் தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது.

"நாங்க எங்க அங்கிள் போகப்போறோம்? எங்களுக்கு யாரு வீடு குடுப்பாங்க?"

"எனக்கு மட்டும் யாரும்மா குடிவருவாங்க?" என்றார் சிதம்பரநாதன்.

பிறகு இருவரும் மொட்டைமாடிக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டிகளை இறக்கினார்கள்.