கீது

கூத்தைக் கேளுங்கள்! காலேஜில் போடும் எய்ட்ஸ் விழிப்புணர்வு நாடகத்துக்கு ஏழு பேர், ஏழு சீட்டு. குலுக்கிப் போட்டதில் 'நோயாளி' என்று எழுதிய சீட்டு கார்த்திகாவின் கைக்குத்தான் வந்து சேர வேண்டுமா? 'தோழி' ஷோபனாவுக்கு. "பாத்தியா, நாடகத்துலயும் நான்தான்டி உன் ஃப்ரெண்டு" என்று அவள் குதித்தாள். நர்சிங் இரண்டாம் ஆண்டில் இருவரும் ஒரே பெஞ்சு.

கார்த்திகாவுக்குப் பிறந்தபோதே எச்.ஐ.வி. இருந்தது. அம்மா வசந்தகுமாரியிடமிருந்து வந்தது. மாத்திரை கொடுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. "எவ கேட்டாலும் வாயத் தொறக்காத. ஊர் வாய மூட உலமூடி கெடையாது" என்று மாங்காட்டு அம்மன் கோயில் வாசலில் நிறுத்தி அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. அதைக் கார்த்திகா கால்சியம் டப்பாவில் மாற்றி வைத்திருந்தாள். கேட்பவர்களுக்கு அது 'சத்து மாத்திரை'.

கிருமி என்னவோ சோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. அடங்காதது மனசுதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமலே வைத்துக்கொண்டிருப்பது லேசா? ஒரே ஒருத்தியிடம் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அந்த ஒருத்தி ஷோபனா. கையைப் பிடிப்பதால் பரவுமா, ஒரே டம்ளரில் குடிப்பதால் பரவுமா என்ற கேள்விக்கு வகுப்பிலேயே பத்துக்குப் பத்து வாங்கியவள். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வசனம் எழுதியது தேவிப்பிரியா மேடம். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது." ஒத்திகையில் கார்த்திகாவின் வாயில் ஒவ்வொரு தடவையும் வந்தது வேறு.

"எனக்கு எச்.ஐ.வி. கீது."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா தாயே, 'இருக்கிறது'! ஜனங்களுக்கு விழிப்புணர்வு வரணும், சிரிப்பு வரக்கூடாது."

எய்ட்ஸ் தினத்தையொட்டி ஒரு சனிக்கிழமை, பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் நாடகம். பறையும் இல்லை, மைக்கும் இல்லை, தொண்டைதான். பூக்காரம்மா, ஆட்டோக்காரர்கள், ரயிலுக்கு ஓடுகிறவர்கள் என்று நாற்பது பேர் நின்றார்கள். கார்த்திகா நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியாட்கள் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஊரே கேட்டது. ஒருவரும் நம்பவில்லை. ஷோபனா ஓடிவந்து அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்து, "தொடுவதால் பரவாது! அன்பு காட்டுவோம்!" என்று கத்தினாள். கூட்டம் கைதட்டியது. அந்தப் பிடியில் கார்த்திகாவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. "இன்னா நடிப்பு நடிக்குது பாரு" என்றாள் பூக்காரம்மா.

இன்றைக்கே சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள்.

திரும்பும் ரயிலில் இருவருக்கும் ஜன்னலோரம் கிடைத்தது. ஷோபனா ஆவடியில் இறங்கிக் குவார்ட்டர்ஸுக்குப் போவாள். கார்த்திகா அம்பத்தூர் ஹாஸ்டலுக்கு. வண்டி கிளம்பியதும் ஆறு மணி அலாரம் அடித்தது. கார்த்திகாவின் பாட்டில் காலி. ஷோபனாவின் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். வழக்கம்தான், இரண்டு வருஷமாக யார் பாட்டில் யாருடையது என்று பார்த்ததில்லை.

"எனக்கும் ஒரு சத்து மாத்திர குடுடி. கத்திக் கத்தி உயிரே போச்சு" என்று ஷோபனா கையை நீட்டினாள்.

"வேணாண்டி."

"அடிப்பாவி! ஒரு மாத்திரைக்கா இவ்ளோ கஞ்சத்தனம்?"

"அது சத்து மாத்திர இல்லடி." கார்த்திகா டப்பாவைத் திறந்து மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினாள். "எனக்கு கீதுடி."

ஷோபனா கலகலவென்று சிரித்தாள். "டயலாக் தப்பு! 'இருக்கிறது'ன்னு சொல்லணும். நாடகம் முடிஞ்சுபோச்சுடி, வேஷத்தக் கலை."

கார்த்திகா சிரிக்கவில்லை. "பொறந்ததுலருந்தே கீது. எங்கம்மாக்கும் கீது."

உள்ளங்கையிலிருந்த மாத்திரையை ஷோபனா பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக அடங்கியது. கார்த்திகா மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ" என்றாள் ஷோபனா. "எனக்குத் தாகமில்ல."

நாள் முழுக்கக் கத்திய தொண்டை. குரல் கரகரத்துக் கிடந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஆவடி வந்தது. "மண்டே பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எப்போதும் கிள்ளும் கன்னத்தைக் கிள்ளாமலே ஷோபனா இறங்கிப் போனாள்.

அன்னனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர். கார்த்திகா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனாள். மூடியில் சிவப்பு நகப்பூச்சால் 'ஷோ' என்று எழுதியிருந்தது. திடீரென்று கேட்டதால் பயந்திருப்பாள், நாலு நாளில் சரியாகிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹாஸ்டல் குழாயடியில் பாட்டிலைக் கழுவினாள். கழுவத் தேவையே இல்லை என்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் அவளும் எழுதியதுதான். ஆனாலும் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, துடைத்து, திங்கட்கிழமை கொடுப்பதற்காகப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

திங்கட்கிழமை ஷோபனா புதுப் பாட்டிலோடு வந்திருந்தாள்.