உபதேசியார் சொல்லாத பெயர்கள்

தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியின் முடிச்சைச் சுகிர்தம் மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். முதல் முடிச்சில் குறை ஒன்றும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. காது வேறொன்றுக்காகக் காத்திருந்தது. அவளுடைய தந்தை தேவபிச்சையின் உயிர் விடியற்காலையில் பிரிந்தது. பரளச்சிக்குத் தெற்கேயுள்ள அந்தச் சிற்றூரில், கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஒருவர் இறந்தால், தேவாலயப் பணியாளரான கோயில்பிள்ளை கயிற்றைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் இடைவெளி விட்டு மணியடிப்பார். புஞ்சைக் காட்டில் களை எடுப்பவர்கள் அதைக் கேட்டு நிமிர்ந்து நிற்பார்கள். வெயில் ஏறிவிட்டது. மணி அடிக்கவில்லை.

கோயிலுக்குப் போயிருந்த அவள் கணவன் யாக்கோபு திரும்பி வந்தான்.

"கோயில்பிள்ளையப் பாத்தீகளா?"

"பாத்தேன். கயித்தைச் சுருட்டி மேல போட்டுட்டாரு. மூப்பர் சொல்லாம தொட மாட்டாராம். அருப்புக்கோட்டையில இருந்து பாதிரி ஐயர் பஸ்ஸுல வாராகளாம். அவுக வந்து பேசுன பெறகுதானாம்."

"செத்துப்போனவுக கிட்ட இனி என்ன பேச்சு?"

யாக்கோபு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தலுக்கு ஓலை கட்டப் போனான்.

பேச்சு பழையது. அறுபத்தாறில் மழை பொய்த்தபோது, கோயிலுக்குக் கோதுமை ரவை மூட்டைகளும் பால் பவுடர் டின்களும் வந்து இறங்கின. கோயிலின் பின்புறம் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் பொறுப்பு, ஊரில் ஜெபம் நடத்தும் உபதேசியாரான தேவபிச்சையிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த மழை வரை வர வேண்டிய மூட்டைகள் அதற்கு வெகு முன்பே தீர்ந்துபோயின. சபையார் குடித்தது போக மிச்சம் எங்கே என்று சபையின் மூப்பர் அருமைநாயகம் கேட்டார். அருப்புக்கோட்டைச் சந்தையில் விற்கப்பட்டது என்ற பதிலையும் அவரே கண்டுபிடித்தார். விசாரணைக்கு ஒரு சாட்சி கிடைத்தது. விளக்கு வைத்த பிறகு கோயிலின் பின்பக்கத்திலிருந்து சாமான் வெளியே போனதைத் தன் கண்ணால் கண்டதாக மேலத்தெரு உக்கிரபாண்டி சொன்னார்.

அதில் பொய் இல்லை. வெளியே போனது ஒரு தூக்குச்சட்டி. அதைக் கொண்டுபோனவள் அவருடைய மனைவி செல்லக்கிளி. அதிலிருந்த கஞ்சியைக் குடித்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த வருஷம் மேலத்தெருவிலும் பல வீடுகளில் உலை வைக்க வழியில்லை. ஆனால் கீழத்தெருக் கோயிலில், கீழத்தெருக் கைகள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தது வெளியே தெரிந்தால், அந்த வீட்டில் பிறகு ஒருவரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே பெண்கள் பொழுது சாய்ந்தபின் முக்காடிட்டு, கருவேலமரங்களுக்கு நடுவிலுள்ள சந்து வழியாக வந்தார்கள். அகப்பையால் மொண்டு ஊற்றியவள் சுகிர்தம். தேவபிச்சை அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எரிகிற விறகையே மீண்டும் மீண்டும் அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். தாம் பார்த்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றக் கூடாது என்பதில் அவர் அத்தனை கவனமாக இருந்தார்.

யாருக்குக் கொடுத்தீர் என்று விசாரணையில் கேட்டார்கள். "பசிச்சவுகளுக்கு" என்றார். பெயரைச் சொல்லும் என்றார்கள். "சொல்லுறதுக்கில்ல" என்றார். உபதேசியார் வேலை போயிற்று. இராப்போஜனம் என்னும் நற்கருணையும் மறுக்கப்பட்டது. ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் சுகிர்தம் சண்டையிட்டபோது, "நம்பி வந்தவுக தாயி. நீயும் யாரையும் பாக்கல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனார். உள்ளே அனுமதி இல்லாததால், வாசலுக்கு வெளியே, பிறர் செருப்புக் கழற்றிப் போடும் இடத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். வேறொரு சபைக்காரர் சைக்கிளில் தேடி வந்து, திருச்சுழியில் வீடும் ஊழியமும் தருவதாகச் சொன்னார். "என்னை அழைச்ச எடம் இதுதானுங்க" என்று அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். பகலில் மிளகாய்ப்பழம் பறிக்கும் கூலிக்குப் போனார். மாலையில், முன்போலவே, நோயாளிகளின் வீடுகளுக்கு ஜெபம் செய்யப் போனார். ஊழியம் சபை கொடுத்ததாக மூப்பர் எண்ணியிருந்தார். அதைப் பறிக்க முடியவில்லை என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஊரில் பெயர் மட்டும் நிலைத்தது: பவுடர் வித்த உபதேசியார். மேலத்தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

உச்சிப்பொழுதில் ஐயர் வந்து சேர்ந்தார். விசாரணைக்குப் பின் மாற்றலாகி வந்த இளம் குருவானவர்; மெதுவாகப் பேசுபவர். பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். மூப்பர் அருமைநாயகம் பக்கத்தில் நின்றார். சுகிர்தத்தின் தாய் ஏசுவடியாள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், வேப்பமர நிழலில், ஊர் முறைக்காக வந்த மேலத்தெரு ஆண்கள் சிலர் நின்றார்கள். உக்கிரபாண்டியும் நின்றார்.

"அம்மா, பெரிசா ஒண்ணுமில்ல" என்றார் ஐயர். "சபைக்கு முன்னால நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'என் புருஷன் செஞ்ச குறைய மன்னிச்சுக்கோங்க.' அவ்வளவுதான். மணி அடிக்கச் சொல்லிர்றேன். நானே நின்னு அடக்கம் பண்றேன்."

"சொல்லலேன்னா?" என்று கேட்டாள் சுகிர்தம்.

மூப்பர் முந்திக்கொண்டார். "கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் இல்ல. வேலிக்கு வெளிய புறம்போக்கு கெடக்கு. தாராளமாக் கெடக்கு."

பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ, "பவுடர் வித்தவுகளுக்கு மணிச்சத்தம் ஒண்ணுதான் கொறச்சலு" என்றார்கள். சிரிப்பு எழுந்து, ஐயரைக் கண்டு அடங்கியது.

ஏசுவடியாள் மகளின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு வார்த்தைதான புள்ள. சொல்லிப்புட்டா உள்ள படுக்க வச்சிருவாக. நாளைக்கு நானும் அவுக பக்கத்துல படுத்துக்கிருவேன்."

"செய்யாததுக்காம்மா?"

"அவுக இனிமே கோவிக்கவா போறாக?"

சுகிர்தம் எழுந்து நின்றாள். "ஐயர்வாள், மூட்டை சந்தைக்குப் போகல. கஞ்சியாத்தான் போச்சு. குடிச்சவுக இந்த ஊர்லதான் இருக்காக."

"இருக்கட்டும்" என்றார் மூப்பர். "எனக்கென்ன விரோதமா? ஒரே ஒரு பேரைச் சொல்லு. கோயில்பிள்ளை வேண்டாம், கயித்த நானே இழுக்கேன்."

அவள் சாலைக்கு அப்பால் பார்த்தாள். உக்கிரபாண்டி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மீண்டும் தோளில் போட்டார். பிறகு வேப்பமரத்தின் உச்சியில் ஏதோ இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். ஒரு பெயர் போதும். அந்தப் பெயருக்கு உரியவர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். சொல்லிவிட்டால் தந்தை வேலிக்கு உள்ளே படுப்பார். சொல்லிவிட்டால், செருப்புகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்த ஞாயிறுகள் அனைத்தும் வீணாகிப் போகும். பெயர் நாக்கின் நுனியில் உப்பைப்போல் கரித்தது.

"சொல்லுறதுக்கில்ல" என்றாள்.

"ஐயா புத்திதான மகளுக்கும் இருக்கும்" என்று மூப்பர் ஐயரைப் பார்த்துச் சிரித்தார். "திருட்டுக்குத் தொணை நின்னவதான இவளும்."

ஏசுவடியாள் தரையில் கையூன்றி எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவள் சபையாரை நோக்கித் திரும்பியபோது, சொல்லிவிடப் போகிறாள் என்றே அனைவரும் நினைத்தார்கள். சுகிர்தமும் அப்படித்தான் நினைத்தாள்.

"ஐயர்வாள், மூணு மணி பஸ்ஸு போயிருச்சுன்னா ஒங்களுக்கு வேற வண்டி கெடயாது" என்றாள் ஏசுவடியாள். "வெயிலோட வந்திருக்கீக. கலர் வாங்கியாரச் சொல்லுதேன். குடிச்சிட்டுப் பொறப்படுங்க."

ஐயர் தரையைப் பார்த்தபடியே எழுந்தார். கலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். மூப்பர் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

குழி தோண்டச் சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. யாக்கோபும் அவன் தம்பியும் கடப்பாரையால் கொத்தினார்கள். கோடையில் இறுகிய கரிசல், கல்லைப்போல் தெறித்தது. கற்றாழை வேலிக்கு உள்ளே, வெள்ளையடித்த சிலுவைகள் வரிசையாக நின்றன. மூப்பரின் தகப்பனாருடைய கல்லறைக்கு மட்டும் சிமெண்டுத் திண்டு இருந்தது. வேலிக்கு வெளியே இவர்கள் நால்வர். "நீ ஜெபம் பண்ணு" என்றாள் ஏசுவடியாள். பெண் ஒருத்தி அடக்க ஜெபம் செய்து அந்த ஊர் கண்டதில்லை. சுகிர்தம் செய்தாள். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. உடைவதற்கு அழுகை வேண்டும்; அவளிடம் அன்று இருந்தது வேறு.

வீடு திரும்பியபோது பொழுது மேற்கே இறங்கியிருந்தாலும் வெளிச்சம் குறையவில்லை. கொல்லையில் செம்பால் தண்ணீர் மொண்டு கையை மட்டும் கழுவியிருந்தாள். கருவேல மறைவில் முக்காடு ஒன்று அசைந்தது.

"சுகிர்தம்." செல்லக்கிளி நின்றாள்.

"என்ன?"

"கடைசிப் பயலுக்குக் காய்ச்சலு விடவே மாட்டேங்குது. திருச்சுழி ஆஸ்பத்திரியில ஊசி போட்டாச்சு. கண்ணைத் தொறந்துகிட்டே பொலம்புறான். ஒங்கய்யா வந்து தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுனாத்தான் ஒறங்குவான்."

செம்பு சுகிர்தத்தின் கையிலேயே நின்றது. "எங்கய்யா ஒங்க வீட்டுக்கு வந்தாகளா?"

"முந்தாநாளுகூட வந்தாக. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமிக்கிட்டே வந்தாக. வேண்டாம்னுதான் சொன்னேன்."

"எந்தப் பக்கமா வந்தாக?"

"பின்னால, சந்து வழியா. எப்பவும் அப்படித்தான. எங்க தெருவுல எந்தப் புள்ளைக்கு மேலுக்கு முடியலேன்னாலும் வருவாக."

"ஒங்க வீட்டுக்காரரு இருக்கும்போதா?"

"இருப்பாக. அவுக உள்ள திரும்பிப் படுத்துக்கிருவாக."

தந்தை மாலைகளில் எங்கே போனார் என்று சுகிர்தம் கேட்டதில்லை. கீழத்தெரு நோயாளிகள் என்று தானாகவே எண்ணியிருந்தாள். தன்னைத் திருடன் என்று சாட்சி சொன்னவரின் வீட்டுக்கு, அவரே கட்டிவைத்த அவமானத்தைச் சுமந்துகொண்டு, அவர் மானம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார். நுரையீரலில் சளி கட்டிய நிலையிலும் போயிருக்கிறார். உக்கிரபாண்டியின்மேல் இருந்த கோபம் ஒரு கணம் இறந்தவர்மேல் திரும்பியது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு வேப்பமரத்தடியில நின்னாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மணி அடிச்சிருக்கும்."

"சொல்லச் சொன்னேன்" என்றாள் செல்லக்கிளி. பிறகு, "ஒனக்கும் அந்த ஜெபம் தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போகாமல் இருப்பதற்கு வேண்டிய நியாயம் முழுவதும் அவள் பக்கம் இருந்தது. ஊரில் வேறு எவரிடமும் அவ்வளவு நியாயம் அன்று இல்லை.

"வாரேன். சந்து வழியா வர மாட்டேன்."

"அப்பறம்?"

"தெரு வழியா. முன்வாசல்ல."

"ஆத்தி, அவுக வாசல்லயே நிப்பாக. அண்ணன்தம்பி வீடெல்லாம் எதுத்தாப்புல. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கஞ்சியைப் பத்தி நானும் சொல்லப்போறதில்ல. எங்கய்யா சொல்லாதது எனக்கும் வேண்டாம். ஆனா ஜெபத்தை ஒளிச்சு வச்சுக் கொண்டார என்னால முடியாது. வேணுமின்னா நட. வேண்டாம்னா போ."

செல்லக்கிளி சந்தைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பிறகு, முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டு, தெருப்பக்கம் நடந்தாள். சுகிர்தம் அவளுக்குப் பின்னால் போகவில்லை; பக்கத்தில் நடந்தாள்.

மேலத்தெருவில் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். "ஏலே, யார்றா அது?" என்று யாரோ கேட்டார்கள். உக்கிரபாண்டி தம் வீட்டு வாசல்நிலையில் ஒரு கையைக் குறுக்கே ஊன்றி நின்றார்.

"புள்ளைக்கு ஜெபம் பண்ண வந்திருக்கேன்" என்றாள் சுகிர்தம். எதிர்வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை, எதிர்வீடுகளைப் பார்த்தார். உள்ளே குழந்தை ஏதோ பெயரைச் சொல்லிப் புலம்பியது. நிலையிலிருந்த கை கீழே இறங்கியது.

செல்லக்கிளி முதலில் நுழைந்தாள். சாவு வீட்டிலிருந்து வருபவர்கள் தீட்டுப் போகக் கால் நனைப்பதற்காக வாசலோரம் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சுகிர்தம் அதைத் தாண்டி, பாதங்களில் ஒட்டியிருந்த கல்லறைக் கரிசலோடு உள்ளே போனாள்.