இருபத்து மூன்றாவது நகர்த்தல்

குதாயிசி நகரில் எங்கள் சதுரங்க மன்றம் ஈசோல்தாவின் ஆட்டங்களைச் சிறு நூலாகப் போட முடிவெடுத்தபோது, குறிப்புகள் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினாறு வயதிலிருந்து ஒரே அணியில் ஆடியவர்கள் அவளும் நானும். மருத்துவர் அவளுக்கு இலையுதிர்காலம் வரை நாள் சொல்லியிருந்தார். அச்சகம் எனக்கு வியாழக்கிழமை வரை தந்திருந்தது.

நாற்பது ஆட்டங்களில் கடைசி ஒன்றைத் தவிர எதுவும் சிரமம் தரவில்லை. நல்ல நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறி, பிழைக்குக் கேள்விக்குறி. இரண்டும் சேரும் இடத்தில்தான் கை தயங்கும். ஆச்சரியம் முன்னால் நின்றால் துணிச்சல், யோசிக்கத் தகுந்தது. கேள்வி முன்னால் நின்றால் ஏதோ சரியில்லை.

எழுபத்து நான்காம் ஆண்டு குடியரசுப் போட்டியில், இருபத்து மூன்றாவது நகர்த்தலில் அவள் ஒரு குதிரையைப் பலி கொடுத்துத் தோற்றாள். போட்டி இதழில் அதற்குப் பக்கத்தில் “?!” போட்டு, ‘பொறுமையின்மை’ என்று ஒரு சொல்லும் எழுதியவள் நான். அதன்பின் அவள் எந்தப் போட்டியிலும் உட்காரவில்லை. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். என் எழுத்துதான் அவளை நிறுத்தியது என்று இருபத்திரண்டு வருடங்களாக நம்பினேன். இப்போது அச்சுத் தாளில் குறியை மட்டும் “!?” என்று மாற்றி எடுத்துப் போனேன். பார்த்துவிட்டு அவள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது அவள் கணவன் ஜும்பேர்.

“வா லமாரா. காலைலேர்ந்து உன் பேருதான். என் பேரு மறந்தே போச்சு அவளுக்கு.”

ரொட்டி வரிசைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டு அவன் இறங்கினான்.

ஈசோல்தா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். “என்னடி, இழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சி? அதுக்கு இன்னும் நாள் இருக்கு. குடு இங்க.”

நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

“இது ஏன் மாறியிருக்கு?”

“திரும்பப் போட்டுப் பாத்தேன். அவ்வளவு மோசமில்ல.”

“பொய் சொல்லாத. கறுப்பு ராணி ஓரத்துக்கு வந்தா எனக்குப் பதிலே இல்ல. அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா ஆடின?”

“தெரிஞ்சுதான்.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “நான் போட்ட குறியாலதானே நீ ஆடறதையே விட்ட?”

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. “அடி போடி. ரெண்டு கிறுக்கலுக்கா? அவ்வளவு பெரிய ஆளா நீ?”

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போர்வை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அப்ப மூணாம் மாசம். பதினெட்டாவது நகர்த்தல்லயே வலி ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் ரத்தம். எழுந்தா பாவாடைல கறை தெரியும், ஹால் நெறைய ஆம்பளைங்க. ஜெயிச்சோ தோத்தோ சீக்கிரம் முடிஞ்சா போதும்னு குதிரையத் தூக்கிக் குடுத்தேன். அதுக்கப்புறம் பலகைய விரிச்சாலே அந்த ஹாலோட குளிரு வந்துடும்.”

அன்று அடுத்த மேசையில் இருந்தவள் நான். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பயம் என்று நினைத்தேன். பிறகு இரண்டு நாள் அந்தக் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏன் இப்படிச் செய்தாள் என்று பலகையில் தேடினேன். அவள் வீடு மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. போகவில்லை. இத்தனை வருடம் நான் வளர்த்த குற்ற உணர்வில் அவள் எங்குமே இல்லை, நான் மட்டுமே இருந்திருக்கிறேன்.

“ஜும்பேருக்குத் தெரியுமா?”

“மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கப்புறம் சொல்ல என்ன இருக்கு? உன்கிட்ட மட்டும் சொல்லணும்னு தோணிச்சு. கிளம்பிக்கூட நின்னேன். அன்னிக்குத்தான் இதழ் வந்துது.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே யாரோ கம்பளம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அழாதடி. பழைய குறியவே போடு, அது சரிதான். அந்த வார்த்தைய மட்டும் எடுத்துடு.”

பேனாவால் அந்தச் சொல்லை அடித்தேன். ஒரு கோடு போதவில்லை, மேலே மேலே அடித்தேன். தாள் கிழியப் பார்த்தது.

“போதும், போதும். மொதல் ஆட்டத்துலேர்ந்து நீயே வாசி. எனக்குக் கண்ணு எரியுது.”

முதல் பக்கத்தை எடுத்தேன். அவள் கண்களை மூடிக் காத்திருந்தாள். முதல் நகர்த்தலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.