கொதிக்காத ராஜ்மா

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் என் சாப்பாட்டு டப்பாவுக்குத் தீவனம் என்று பெயர். வைத்தவர்கள் கேன்டீனில் எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றுவிட்டு மத்தியானம் முழுக்கக் கொட்டாவி விடும் கூட்டம். நான் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பயறு வேகவைத்து, வெங்காயம், தக்காளி, கேரட், கீரை என்று அன்றைக்கு எது மலிவோ அதைப் போட்டுக் கிளறி, டப்பா டப்பாவாக அடைத்து ஃப்ரிஜ்ஜில் அடுக்கிவிடுவேன். வாரம் முழுக்க அதுதான். ஆராய்ச்சி மாணவிக்கு வரும் உதவித்தொகையில் வயிறும் நிறைய வேண்டும், உடம்பும் கெடக் கூடாது, அடுப்படியில் நிற்கவும் நேரமில்லை என்றால் வேறு வழியே கிடையாது. நான் அதோடு நின்றேனா? ஊருக்கெல்லாம் உபதேசமும் செய்தேன். என்னைக் கண்டாலே ஆட்கள் வேறு மேஜைக்கு மாறினார்கள்.

வைவா, அதாவது டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்த அன்று காலையிலும் கையில் டப்பா இருந்தது. பயத்தில் அதைத் திறக்கத்தான் இல்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் துறைத் தலைவரின் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் என் கைடு மேடத்தின் அறையில் உட்கார்ந்து ஸ்லைடுகளை நூறாவது முறையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். விடியற்காலையிலேயே தேர்வாளரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போன மேடம் களைத்துப்போய் உள்ளே வந்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல மேடம். இறங்க மாட்டேங்குது."

"அப்ப அதை இப்படிக் குடு. எனக்குப் பசி உயிர் போகுது."

நின்றபடியே முழு டப்பாவையும் காலி செய்தார். நல்லாத்தான் இருக்கு என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் கை கழுவப் போன நேரத்தில் போன் அடித்தது. என் அறைத்தோழி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"காலைல உன் ராஜ்மாவத்தான்டி சாப்ட்டேன். ரெண்டு மணி நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் வார்டுலயே வாந்தி. நிக்க முடியல, டிரிப்ஸ் போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க. நீ சாப்ட்டியா?"

"நான் சாப்பிடல."

"நல்லதாப் போச்சு. அதை யாருக்கும் குடுக்காம கொட்டு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என் பிரஷர் குக்கரின் ரப்பர் கிழிந்து ஒரு வாரமாகிறது. வைவா பரபரப்பில் வேறு வாங்கப் போகவில்லை. படிப்பு முடித்துக் கிளம்பிய ஒரு சீனியர், ராத்திரி போட்டால் காலையில் வெந்திருக்கும் என்று சொல்லி ஒரு ஸ்லோ குக்கரைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். முந்தின ராத்திரி அதில்தான் ராஜ்மாவைப் போட்டேன். அது கொதிக்கவே கொதிக்காது, சும்மா சூடாகிக் கிடக்கும். சிவப்பு ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் உண்டு. தளதளவென்று கொதித்தால்தான் அது சாகும். வெறும் சூட்டில் பயறு பஞ்சுபோல வெந்துவிடும், நச்சு அப்படியே இருக்கும். சூட்டில் புரதங்கள் எப்படி உருக்குலைகின்றன என்பதுதான் என் ஆய்வு. ஐந்து வருஷமாகக் கரைத்துக் குடித்த விஷயம். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போனதோ.

கைடு இல்லாமல் வைவா நடத்தக் கூடாது என்பது விதி. தேர்வாளருக்கு மாலையில் விமானம். எனக்குக் கிடைத்திருந்த வேலைக்கு, இந்த வாரத்துக்குள் வைவா முடிந்த சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அம்மா இதற்குள் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வாந்தி ஆரம்பிப்பதற்குள் வைவா முடிந்துவிடலாம். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று என்ன? அப்படி நினைத்த என்னை எனக்கே சகிக்கவில்லை. மேடம் திரும்பி வந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு சூட்டுல வெச்ச?"

"எண்பது டிகிரி இருக்கும் மேடம்."

"உன் மூணாவது அத்தியாயம் எதைப் பத்தி?"

"இதைப் பத்திதான் மேடம்."

"அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"இல்ல மேடம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுன்னுதான் படிச்சிருக்கேன். ஆனா ரொம்பப் படுத்தும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மேடம். வைவாவ இன்னொரு நாள் வெச்சுக்கலாம்." சொல்லும்போதே குரல் உடைந்தது.

"இந்த ஆளைப் பிடிக்கவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. உன் வேலை அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா? வாந்திதானே, வந்தா வரட்டும். உள்ள நட. வளவளன்னு பேசாத."

நான் வளவளவென்று பேசவில்லை. முக்கால் மணி நேரப் பேச்சைப் பாதியாக வெட்டினேன். ஆனால் தேர்வாளருக்கு எந்த அவசரமும் இல்லை. தன் மாணவப் பருவக் கதைகளையெல்லாம் எடுத்துவிட்டார். துறைத் தலைவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். எனக்கு இருவரின் வாயையும் தைத்துவிட வேண்டும் போலிருந்தது. ஒரு கண் திரையில் இருந்தால் மறு கண் மேடத்தின் மேல். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு கழுத்தைத் துடைத்தார். பிறகு துடைப்பதையே விட்டுவிட்டார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"எதுக்கும்மா கொதிக்க வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்க?" என்றார் தேர்வாளர். "எண்பது டிகிரில ராத்திரி பூரா வெச்சா போதாதா?"

"போதாது சார். சில புரதம் அதுக்கெல்லாம் அசையாது. ஆளைத்தான் அசைக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அனுபவம் பேசுது போல."

"ஆமா சார், அனுபவம்தான்," என்றார் மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம் என்று என் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். மேடத்தின் கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அவர் ஒருமுறை கண்ணை மூடி, எதையோ விழுங்கினார். என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேலையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், இந்த மனுஷி எழுந்து போனால் போதும் என்றாகிவிட்டது.

"சார், நிறுத்திக்கலாம். மேடத்துக்கு உடம்பு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு," என்றார் மேடம்.

"இல்ல மேடம், நீங்க..."

"பதில் சொல்லுன்னேன்."

சொன்னேன். என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. தேர்வாளர் தலையாட்டினார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது மேடத்தின் கையெழுத்து. கோடு ஏறி இறங்கிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய் நின்றது. பேனாவை மூடி வைத்தார், தேர்வாளருக்கு நன்றி சொன்னார், நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார். கதவு வரைக்கும் நடந்துதான் போனார். கதவைத் தாண்டியதும் ஓடும் சத்தம் கேட்டது.

கைகுலுக்க நீண்ட கைகளை விட்டுவிட்டு நானும் ஓடினேன். பெண்கள் கழிவறையில் ஒரு கதவு மட்டும் மூடியிருந்தது. உள்ளே அவர் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவில் கை வைத்தபடி, மன்னிச்சிடுங்க மேடம், மன்னிச்சிடுங்க மேடம் என்று சொன்னதையே சொல்லி அழுதுகொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிட்டதாகவும் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து உள்ளே சத்தம் அடங்கியது. ஃப்ளஷ் இழுக்கும் ஓசை கேட்டது. மூச்சு வாங்கும் குரலில் மேடம் சொன்னார்:

"அழுதது போதும் டாக்டர். கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க."